ரொட்டிக்கு அடியில்

லீர் நகர அருங்காட்சியகத்தின் மேல்மாடியில்
வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்
மல்லாந்து கிடக்கிறது கடைசி இராவுணவு.
ஓக் பலகை, ஆறு துண்டு, நடுவில் நீள விரிசல்.
வரைந்தவன் பெயர் தெரியாது.
பன்னிரண்டு சீடரும்
ஒரே தையற்காரரிடம் அளவு கொடுத்தவர்கள்.

யூதாசின் முக்காலிக்கு அடியில் பூனை.

பூனை என்பது ஒரு பேச்சுக்கு.
காது பூனையுடையது. வாலும், ஏறக்குறைய.
முகம் மட்டும்
வரிபாக்கி கேட்டு வந்து
மழையில் நிற்க வைக்கப்பட்ட ஒருவருடையது.
கீழே மாட்டியிருந்த காலத்தில்
பள்ளிப் பிள்ளைகள் அதன் முன்னால்தான்
வரிசை கலைவார்கள்.
'எங்க கணக்கு வாத்தியார்' என்றான் ஒருவன்.
வாத்தியாரும் கூடவே இருந்தார்.

கொலோனிலிருந்து வந்த முனைவர் ஒட்டிலீ
காமம் என்றார்.
இயக்குநர் லாம்பிரெக்ட்டுக்கு அது துரோகம்:
முப்பது காசின் பக்கம் உட்கார்ந்திருக்கிறதே,
போதாதா?
விளக்க அட்டையில் சாத்தான் என்றே அச்சாகியிருந்தது
மூன்று மொழிகளில்.
காவலர் ஃபோன்ஸ் மட்டும்
சாண்ட்விச்சை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:
'பசி.'
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

என் வேலை அழுக்கெடுப்பது.
பஞ்சுக்குச்சியை நாவில் நனைத்து
ஒரு நாளைக்கு உள்ளங்கை அகலம்.
எச்சில்போல் ஒரு மருந்து இன்னும் வரவில்லை.
பூனையும் தன்னை
இப்படித்தான் துடைத்துக்கொள்ளும் என்று
அதன் தோளருகே வந்தபோது தோன்றியது.
பதினோரு நாள்
ஒரு பூனையின் முதுகை நக்கியிருக்கிறேன், மறைமுகமாக.
எனக்குப் பூனை ஆகாது. மூன்று வீடு தள்ளி இருந்தாலே தும்மல்.

பழுப்பு வார்னிஷ் கழன்றதும்
கண்கள் வந்தன.
யூதாசைப் பார்க்கவில்லை அவை.

சட்டைப் பொத்தான் நூல் ஒன்றைப் பிய்த்து
பலகைக்கு மேலே பிடித்துப் பார்த்தேன்,
விழியிலிருந்து நேராக.
பணப்பையைத் தொடாமல்
யோவானின் முழங்கையைக் கடந்து
நடுத்தட்டின் ரொட்டியில் போய் முடிந்தது நூல்.

ரொட்டிக்கா?
எந்தப் பூனை ரொட்டிக்கு இப்படிக் கழுத்தை நீட்டும்?

செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே எடுத்தோம்.
ரொட்டிக்கு அடியில் மீன்.
முழு மீன், செதிலோடு, வாயைப் பிளந்து,
தட்டுக்கு வெளியே வால் தொங்க.
யாரோ பிற்காலத்தில் அதை மூடியிருக்கிறார்கள்.
தொங்கும் வால் மரியாதைக் குறைவாகப் பட்டதோ,
மடத்துப் பெண்கள் கேட்டார்களோ,
அறியேன்.
மீனை மூடியவர்
பூனையைத் திருப்பி உட்கார வைக்க மறந்துபோனார்.

அன்று தொடங்கியது
அதன் கெட்ட பெயர்.
எதையோ வெறிக்கிறது, எதையென்று தெரியவில்லை,
ஆகையால் பிசாசு.

ஃபோன்ஸிடம் படத்தைக் காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
'விலாங்கா?' என்றார்.
'இல்லை, பெர்ச் மாதிரி.'
'அதுவும் நல்லாத்தான் இருக்கும், வெண்ணெயில்.'

குழு கூடி முடிவெடுத்தது: ரொட்டி இருக்கட்டும்.
ரொட்டிக்கும் வயது முந்நூறு,
அதுவும் வரலாறு.
நியாயம்தான். நானும் கை தூக்கினேன்.
தூக்கிய கை மேசைக்கு அடியில் போனபின்
ஏனோ ஈரமாக இருந்தது.

முகம் ஏன் அப்படி என்பதற்கு
என்னிடம் விடையில்லை.
பூனை உட்கார்ந்து கொடுத்திருக்காது.
காதை முடிப்பதற்குள் எழுந்து போயிருக்கும்,
மீதியை
எதிரே நின்றிருந்த யாரையோ பார்த்து நிரப்பியிருப்பான்.
கடன்காரராகக்கூட இருக்கலாம்.

ஆனால் வந்துபோனது உண்மை.
இடது காதின் சாம்பல் வண்ணத்துக்குள்
ஒரு மயிர் புதைந்திருக்கிறது,
அரை அங்குலம், நுனியில் வெள்ளை.
முதலில் தூரிகை மயிர் என்று நினைத்து
இடுக்கியை எடுத்தேன்.
உருப்பெருக்கியில் குனிந்து பார்த்தபோது
தும்மல் வந்தது.

தூசி, என்று அறிக்கையில் எழுதினேன்.
மயிரை எடுக்கவில்லை.